ரஸ்ட் தம்பி

ஐ.டி. ஆபீசில் டீமுக்கு ஒருவர் இப்படி இருப்பார். லேப்டாப் மூடியில் ஆரஞ்சு நண்டு ஒட்டியிருக்கும். ஃபெர்ரிஸ் என்ற அந்த நண்டு, ரஸ்ட் மொழியின் செல்லச் சின்னம். எந்த மென்பொருள் படுத்தாலும், ஏன், கரண்ட் போய்ப் படுத்தாலும், "ரஸ்ட்ல எழுதியிருந்தா இது நடந்திருக்காதுண்ணா" என்பார்.

லிஃப்ட் வாசலில் மட்டும் இவரிடம் சிக்கக் கூடாது. நேராக 2006-க்குப் போய்விடுவார். வான்கூவரில் கிரேடன் ஹோர் என்ற மொஸில்லா புரோகிராமர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் மென்பொருள் க்ராஷ் ஆகி, 21-ஆவது மாடிக்குப் படியேறிய எரிச்சலில் பிறந்ததாம் ரஸ்ட். கதை முடிவதற்குள் நம் லிஃப்ட் வந்து போயிருக்கும்.

எதிர்க்கட்சி, சி பிளஸ் பிளஸ் சீனியர். பெல் ஆய்வகத்தில் 1979-ல் ஸ்ட்ரௌஸ்ட்ரப் ஆரம்பித்த மொழியில் ஊறியவர். "எழுதத் தெரிஞ்சவன் எழுதினா எதுலயும் பக் வராது" என்பது அவர் கட்சி. அவர் கோடில் கிடைத்த பக்கெல்லாம், விசாரித்தால், வேலையை விட்டுப் போனவர்கள் எழுதியவை.

தம்பி விடமாட்டார். மைக்ரோசாஃப்டே தன் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் மெமரியைத் தப்பாகக் கையாண்டதால் வந்தவை என்று 2019-ல் சொன்னதை எடுத்துவிடுவார். 2022-ல் லினக்ஸ் கெர்னலே ரஸ்டுக்குக் கதவு திறந்ததைச் சொல்வார். சீனியர் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார். தம்பி சொல்வது பெரும்பாலும் சரி என்பதுதான் கொடுமை. தப்பென்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாமே.

ஆனால் அவர் கோடு எழுதும்போது பார்க்க வேண்டும். ஒரு டேட்டாவை யார் கடன் வாங்கினார்கள், எப்போது திருப்பித் தருவார்கள், இடையில் வேறு யாராவது கை வைத்தார்களா என்று நகைக்கடன் ஆபீசர் மாதிரி துருவும் ரஸ்ட் கம்பைலர். காலையில் உட்கார்ந்தவர் மதியம் வரை திட்டு வாங்குவார். முகத்தில் வருத்தமே இருக்காது. "எரர் மெசேஜ் எவ்வளவு பொறுமையா சொல்லித் தருது பாருங்கண்ணா!" மனைவிகூட அவரை இவ்வளவு திருத்தியிருக்க மாட்டார்.

இரண்டு மொழிகளையும் எடைபோட்டுச் சொல்லும்படி மேனேஜர் ஒருமுறை அவரிடமே கேட்டுவிட்டார். வந்த அட்டவணையில் ரஸ்டின் நிறைகள் மூன்று பக்கம். சி பிளஸ் பிளஸுக்கு ஒரே சொல், 'பழக்கம்'. மேனேஜர் படித்துவிட்டு, "டீம்ல ரஸ்ட் தெரிஞ்சவங்க கை தூக்குங்க" என்றார். ஒரே ஒரு கை, அதுவும் ஏற்கெனவே தூக்கியபடி இருந்தது.

அப்போதுதான் சீனியர் வாய் திறந்தார். "தம்பி, உன் ரஸ்ட் கம்பைலருக்கு அடியில எல்.எல்.வி.எம். இருக்கே, அது எதுல எழுதினது?"

"சி பிளஸ் பிளஸ்லண்ணா."

அறை சிரித்தது. தம்பி நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார்.

"அதையும் ரீரைட் பண்ணணும்ணா."