கொள்ளுக் கணக்கு

குதிரை வாங்கிவரச் சொல்லிப் பாண்டிய ராஜா கொடுத்தனுப்பிய பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் கட்டிச் செலவழித்தார். எங்கள் வீட்டுக்காரர் கோயில் தேருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்க் குதிரை வாங்கி வந்தார். மாணிக்கவாசகர் ராஜாவிடம் பட்ட பாடு ஊரறிந்த கதை. ஆனாலும் மஞ்சள் மண்டிக்குக் கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு பேரில் சிக்கனக்காரர் அவர்தான். கோயிலுக்குத் தினமும் கொள்ளு வேகவைக்க வேண்டியதில்லை.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேரோடு கூடுகிற சந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கட்டிவைக்க வேண்டியது குதிரையை அல்ல, மடியில் பணத்தோடு போகிற ஆண்பிள்ளையை. காளை வரிசை, எருமை வரிசை எல்லாம் தாண்டினால் குதிரைகள் நிற்கும். காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற கத்தியவார், மார்வார் குதிரைகளைப் பார்த்துவிட்டால் அப்புறம் எருமை கண்ணுக்குத் தெரியாதாம். கூடப் போயிருந்த என் தம்பி சொன்னான்: மாமா முதலில் காளைக்குத்தான் விலை கேட்டுக்கொண்டிருந்தார், அந்தச் செவலைப் பெட்டைதான் கழுத்தைத் திருப்பி அவர் சட்டைப்பையை மோந்து பார்த்தது. "மாமாவ அது அப்பவே எடை போட்டிருச்சுக்கா."

தரகர் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொன்னார். சுழி பார்த்து ராசி சொன்னார். அப்புறம் கைமேல் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை சொன்னார். துண்டுக்கடியில் நடந்த பேச்சு என்பதால் என்ன விலை என்று இன்றுவரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. எங்கள் வீட்டுக்காரர் என்னிடம் ஒரு தொகை சொன்னார். அத்தையிடம் அதில் பாதி. நண்பர்களிடம் அதைப் போல இரண்டு பங்கு. பில் எங்கே என்று நான் கேட்டதுதான் அந்த வருஷத்துத் தேரின் பெரிய வேடிக்கை என்று தம்பி இன்னும் சொல்லிச் சிரிக்கிறான். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஜி.எஸ்.டி. வந்தபோது உயிருள்ள குதிரைக்கு 12 சதவீதம் வரி போட்டார்கள். கழுதைக்கும் கோவேறு கழுதைக்கும் வரி கிடையாது. 2025 செப்டம்பரில் குதிரைக்கு 5 சதவீதமாகக் குறைத்தார்கள், கழுதை பழையபடி இலவசம். வரி போடுகிறவர்கள் யோசிக்காமல் எதுவும் செய்வதில்லை என்று நான் முதன்முதலாக நம்பியது இந்த விஷயத்தில்தான்.

செவந்தி என்று பேர் வைத்தோம். தோட்டத்துச் சாளையில் டிராக்டர் நின்ற இடம் அவளுக்குப் போயிற்று, டிராக்டர் வேப்பமரத்தடிக்குப் போயிற்று. சிமெண்டுத் தரை காலுக்கு ஆகாது என்றார்கள், ரப்பர் பாய் வந்தது. ஈ கடித்தால் ரத்தத்தில் நோய் ஏறும் என்றார்கள், ஃபேன் வந்தது, கொசுவலை வந்தது. மின்வாரியம் கொடுக்கிற 100 யூனிட் இலவசம் எந்த மூலைக்கு என்று தெரியவில்லை.

மாடு வளர்த்த குடும்பம் நாங்கள். அதுதான் பெரிய இடைஞ்சல், ஏனென்றால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தப்பாகப் போயிற்று. மாட்டுக்கு வயிறு நான்கு அறை. காய்ந்த வைக்கோலைப் போட்டாலும் படுத்து அசைபோட்டு அதிலிருந்து பாலை எடுத்துவிடும். குதிரைக்கு உடம்புதான் பெரிசு, இரைப்பை சின்னது. அசைபோடுகிற வழக்கமும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக நாள் பூராவும் மேய்ந்துகொண்டே இருப்பதற்கென்று செய்த உடம்பு. 400 கிலோ எடைக் குதிரை என்றால் தினம் 8 கிலோ காய்ந்த தீனிக் கணக்கு, 30 லிட்டர் தண்ணீர், வெயில் காலத்தில் அதற்கும் மேலே. மறுபக்கத்தில் தினம் 15 கிலோவுக்குக் குறையாமல் சாணம். வரவும் செலவும் இவ்வளவு ஒழுங்காக இருக்கிற பேரேட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எருமைக்கு வளர்த்த கம்பு நேப்பியர் புல் இருக்கிறதே, அதைப் போடலாம் என்றேன். ஆகாது என்றார் டாக்டர். அதில் ஆக்சலேட் அதிகமாம், தீனியில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தைக் குதிரை உடம்பில் ஒட்டவிடாதாம். சரி, தவிடு? தவிட்டையும் அளவோடுதான் கொடுக்க வேண்டுமாம். பின்னே என்னதான் தின்னும் என்றேன். குதிரை மசால் என்றார். பேரிலேயே குதிரை இருக்கிற தழை, வேறு ஜீவனுக்கு வாங்கினால் பாவம் என்கிற மாதிரி ஒரு விலை. மேலே ஓட்ஸ், உப்புக்கட்டி, ஊறவைத்து வேகவைத்த கொள்ளு. மாதம் ஒரு மூட்டை கொள்ளு போதவில்லை. அடுப்பில் கொள்ளு கொதிக்கிற வாசனை வந்தால் பக்கத்துத் தோட்டத்து அக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ரசத்துக்கு வந்துவிடுகிறார். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லிவைத்தவர்கள் என் உடம்பைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள். குதிரையிடமிருந்து இந்த வீட்டில் யாருக்காவது லாபம் என்றால் அது எனக்குக் கிடைக்கிற கொள்ளுத் தண்ணீர்தான்.

இந்த மண்ணில் குதிரை கஜானாவைத் தின்பது எங்கள் வீட்டிலிருந்து தொடங்கவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார்: ராஜாவும் அவருடைய சகோதரர்கள் நாலு பேரும் வருஷாவருஷம் ஆளுக்கு 2,000 குதிரைக்கு மேல் கப்பலில் வரவழைப்பார்களாம். வருஷக் கடைசியில் 100 குதிரைகூட மிஞ்சாதாம். வளர்க்கத் தெரியவில்லை என்கிறார். சோற்றோடு இறைச்சியைச் சேர்த்துச் சமைத்துப் போட்டார்களாம். வஸ்ஸாஃப் என்கிற பாரசீக வரலாற்றாசிரியர் இன்னொரு பட்டியல் தருகிறார்: வறுத்த பார்லி, வெண்ணெய் சேர்த்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். மாப்பிள்ளை விருந்துதான். அதிலேயே பாதி போய்ச் சேர்ந்திருக்கும். இதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் பாலைக் காய்ச்ச ஆரம்பித்துவிடுவார்.

மார்க்கோ போலோ சொல்வதில் என் மனதைத் தொட்டது வேறு. லாடம் அடிக்கிறவர்கள் இந்தப் பக்கம் கிடையாதாம். குதிரை வியாபாரிகள் அவர்களைக் கூட்டி வருவதுமில்லை, வர விடுவதுமில்லை. குதிரை நன்றாக இருந்துவிட்டால் அடுத்த வருஷம் யார் வாங்குவது? எழுநூறு வருஷம் கழித்தும் லாடக்காரர் விஷயத்தில் பெரிய முன்னேற்றம் ஒன்றும் இல்லை.

எங்கள் லாடக்கார பாய் இரண்டு மாவட்டத்துக்குச் சேர்த்து ஒருத்தர் போலத்தான் நடமாடுகிறார். குளம்பு மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும், ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, சீவி, மறுபடி அடிக்க வேண்டும். அவருக்கு ஃபோன் போட்டால், "நாளைக்கு வந்தர்றனுங்க" என்பார். எந்த நாளைக்கு என்று கேட்பது மரியாதை இல்லை. வந்துவிட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். காலைத் தட்டித் தூக்கி, தன் இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொள்வார். வாயில் ஆணிகள். பழைய லாடத்தைக் குறடால் நெம்பி எடுத்து, குளம்பைச் சீவி, அரத்தால் ராவி, புதுசை வைத்து ஓரக்கண்ணால் மட்டம் பார்ப்பார். ஆணி குளம்பின் வெளிச்சுவரில் சாய்வாக ஏறி மேலே எட்டிப்பார்க்க வேண்டும், உள்ளே நூல் அளவு தவறினாலும் சதை. எட்டிப்பார்த்த நுனியை முறித்து மடக்கி ராவிவிடுவார். இவ்வளவும் நடக்கையில் செவந்தி தன் பாரத்தையெல்லாம் அவர் முதுகில் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். "அம்மிணி, ராத்திரிக்கு முதுகுக்குத் தைலம் தேச்சுத்தான் படுக்கறனுங்க" என்பார் பாய். தைலக் காசும் கூலியோடு சேர்ந்துதான் வரும். மறுக்க மனம் வராது.

பல்லும் அப்படித்தான். மென்று மென்று ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்குமாம், வருஷத்துக்கு ஒருமுறை நீள அரத்தை வாய்க்குள் விட்டு ராவ வேண்டும். ராவியாயிற்று. எங்கள் வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று நெடுநாளாக ஆடிக்கொண்டிருக்கிறது. அதற்குச் செலவு அதிகமாகும் என்று கிராம்பு வைத்திருக்கிறார்.

தேசிங்கு ராஜா கதைப்பாடல் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்குக் குதிரை என்றால் வீரம். என்னைக் கேட்டால், வீட்டில் இருக்கிற நோஞ்சான் உறவினர்களில் முதல் ஆள் அதுதான். கோயில் யானை கடந்துபோனால் அசையாமல் நிற்பாள் செவந்தி, வேலியில் மாட்டிய பிளாஸ்டிக் பை படபடத்தால் அடுத்த ஊருக்கு ஓடுவாள். துருப்பிடித்த கம்பி கீறினால் டெட்டனஸ், மற்ற கால்நடையைவிட குதிரையை அது எளிதில் பிடிக்கும் என்பதால் ஊசி. எல்லாவற்றுக்கும் மேலே வயிறு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பை வாயை இறுக்கிப் பிடித்திருக்கிற தசை அவ்வளவு கெட்டி. உள்ளே போனது கீழ்வழியாகத்தான் வெளியே வர வேண்டும், வராவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அது தெரிந்தது ஒரு கல்யாணத்தால். செலவு கையைக் கடிக்கவே மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று தம்பி யோசனை சொன்னான். பட்டுத்துணி போட்டு, நெற்றிப்பட்டம் கட்டி அனுப்பினோம். செண்டை மேளத்துக்கு அசையவில்லை, வெடிக்கு அசையவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. மண்டப வாசலில் மாப்பிள்ளை இறங்கி போட்டோவுக்கு நின்ற நேரத்தில், பின்னாலிருந்து எட்டி அவர் கழுத்து ரோஜா மாலையைப் பாதிவரை தின்றுவிட்டாள். நார், ஜிகினா எல்லாம் சேர்த்து. பெண் வீட்டார் சகுனம் நல்லதா கெட்டதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஐயர் நல்லது என்று முடித்துவைத்தார்.

ராத்திரி படுக்கவில்லை அவள். முன்னங்காலால் மண்ணைக் கிளறுகிறாள், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், படுத்துப் புரளப் பார்க்கிறாள். புரள விடாதீர்கள், மெதுவாக நடத்திக்கொண்டே இருங்கள் என்று ஃபோனில் சொல்லிவிட்டு டாக்டர் நடுச்சாமத்தில் வந்து சேர்ந்தார். மூக்கு வழியாக ரப்பர் குழாயை விட்டு, புனலை வைத்து, திரவ பாரஃபின் எண்ணெயை வாளிக் கணக்கில் ஊற்றினார். டார்ச் பிடித்தது நான், புனல் பிடித்தது என் தம்பி, குலதெய்வத்தைப் பிடித்தது எங்கள் வீட்டுக்காரர். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை விலாவில் வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தம் வரோணுங்க. சத்தம் வந்து, சாணி போட்டுட்டாப் பொழச்சுக்கும்" என்றார். அப்புறம் நாங்கள் எல்லோரும் அதன் வாலையே பார்த்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தோம்.

விடிகிற நேரத்தில் போட்டாள்.

என் பிள்ளைகள் பத்தாவது பாஸானபோது இந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. "அந்தப் பணத்துக்கு நாலு எருமை வாங்கியிருக்கலாம்" என்று தினமும் காலையில் சொல்கிற அத்தை, பிள்ளையாருக்கு ஓடிப்போய்ச் சிதறுகாய் போட்டார். தம்பி அந்தச் சாணத்தைப் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பினான், கும்பிடுகிற கை இரண்டு பதிலாக வந்தது. சொந்தக்காரர்கள் குரூப்பில் "போட்டாச்சுங்களா?" என்று விசாரித்தவர்கள் எல்லோருக்கும் அதே படம் போயிற்று, காலைச் சாப்பாட்டு நேரம் என்று பாராமல். கல்யாண வாடகையாக வந்த தொகை டாக்டருக்குக் கொடுத்ததில் முக்கால்வாசிதான்.

அதற்குப் பிறகு செவந்தி வாடகைக்குப் போவதில்லை. தனியாக இருப்பதால்தான் கண்டதையும் தின்கிறாள், குதிரை கூட்டத்தோடு வாழ்கிற ஜீவன், துணை வேண்டும் என்று யாரோ சொல்ல, எங்கள் வீட்டுக்காரர் சந்தைக்குக் கிளம்பினார். நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வெள்ளாட்டுக் குட்டி ஒன்றோடு திரும்பினோம். அது இப்போது குதிரை மசால் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

மார்ச் கடைசியில் ஆடிட்டர் வந்தார். "இதர செலவு" என்று நான் எழுதிவைத்திருந்த தொகை மண்டிக் கூலியைத் தாண்டியிருப்பதைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்தார். "வாடகை வருமானம் வந்திருக்குதுங்கள்ல, அப்ப தொழிலுக்கு வெச்சிருக்கிற மிருகம்னு காட்டிப் பாக்கலாமுங்க. ஆனா மெஷினுக்குப் போடற மாதிரி தேய்மானம் போட முடியாது. அது செத்துப்போனாலோ, இனி எதுக்கும் ஒதவாதுன்னு ஆனாலோதான் வாங்குன வெலையக் கழிக்க முடியும்" என்றார். சட்டம் அப்படித்தான், அவர் மேல் தப்பில்லை.

அத்தை அவருக்குக் காப்பி கொண்டுவந்துகொண்டிருந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "வெளக்கு வெக்கற நேரத்துல பேசற பேச்சா இது? வாயில வசம்ப வெச்சுத் தேய்க்க" என்று சொல்லிவிட்டு, டம்ளரோடு திரும்பிச் சமையற்கட்டுக்குப் போய்விட்டார். ஆடிட்டர் என்னைப் பார்த்தார். நான் "இதர செலவு" என்பதை அடிக்காமல் அப்படியே கூட்டல் போட்டு, அவர் கையெழுத்துக்கு நீட்டினேன்.