இழுத்துப் பார்த்து வாங்குங்கள்!

கேள்வி: டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு நான் புதுசு. கையால் வெட்டும் டைல் கட்டர் வாங்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் டைல்ஸைப் பாருங்கள், அப்புறம் கட்டரை! இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ் 600 மி.மீ.; மூலைக்கு மூலை வெட்டினால் கிட்டத்தட்ட 850. சின்ன கட்டரை வாங்கினால் அங்கே முழிக்க வேண்டியதுதான். கடையிலேயே கைப்பிடியைத் தண்டில் ஓட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால், எவ்வளவு விலை குறைத்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வெட்டும் சக்கரம் டங்ஸ்டன் கார்பைடா, தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். சக்கரம் டைல்ஸில் போடும் கோடு ஒரே இழுப்பில் விழ வேண்டும். திரும்பத் திரும்ப இழுத்தால் டைல்ஸ் தன் இஷ்டத்துக்கு உடையும். மேஸ்திரி தன் இஷ்டத்துக்குத் திட்டுவார். 'எல்' வடிவ வெட்டுக்கும் கிரானைட்டுக்கும் இந்தக் கட்டர் ஆகாது, மெஷின்தான்.