கேளுங்க சார்! (ரமண மகரிஷி ஸ்பெஷல்)

ரமணர் முறைப்படி சந்நியாசம் வாங்கியவரா?
– ஒரு சந்தேகப் பிராணி, கும்பகோணம்

யாரிடமும் வாங்கவில்லை. அவர் தங்கியிருந்த விரூபாட்ச குகைக்கே வந்து ஒரு சாஸ்திரிகள் ‘காவியாவது கட்டிக்கொள்ளுங்கள்’ என்று மன்றாடிப் பார்த்தார். அருணாசலத்தைச் சுற்றி 3 யோசனை தூரத்துக்குள் வசிப்பவனுக்கு தீட்சையே தேவையில்லை என்கிற புராண சுலோகத்தை எழுதி நீட்டினார் ரமணர். இது மனை புரோக்கர்கள் காதில் விழாதிருக்கட்டும்!

வீட்டை விட்டுக் கிளம்பியபோது கையில் எவ்வளவு வைத்திருந்தார்?
– ஓய்வுபெற்ற ஆடிட்டர், மதுரை

அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்குக் கொடுத்த 5 ரூபாயில் 3-ஐ எடுத்துக்கொண்டு, 2-ஐக் கடிதத்தோடு வைத்துவிட்டார். சம்பளம் இன்னும் கட்டவில்லை என்று அதிலேயே தகவல் வேறு! வருஷம் 1896, வயது 16. கடிதத்தில் கையெழுத்து போடவேண்டிய இடத்தில் வெறும் கோடு. திண்டிவனம் டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. மிச்சச் சில்லறை மாம்பழப்பட்டு வரைக்கும்தான் இழுத்தது. அப்புறம் திருவண்ணாமலை நோக்கி நடை. வழியில் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்து, சீட்டைக் கிழித்தெறிந்தார். மீட்கிற உத்தேசம் இல்லாதவனிடம் வட்டிக்கடைக்காரர் என்ன பண்ணுவார்?

மடாதிபதிகளுக்குத் தனிப் பந்தி. ரமணருக்கு?
– குடும்பத் தலைவி, திருச்சி

அவர் இலையில் மட்டும் கூடுதலாக ஏதாவது விழுந்தால் வந்தது வினை. ‘எல்லாருக்கும் உண்டா?’ என்பார். இல்லையென்றால் அவருக்கும் வேண்டாம். தவிர, விடியுமுன் அடுக்களையில் உட்கார்ந்து காய் நறுக்கியவர். சாம்பாரில் என்ன கிடக்கிறது என்று அவரிடம் கதைவிட முடியாதே!

ஆசிரமத்தில் திருடன் புகுந்தானாமே?
– ஏட்டையா, வேலூர்

1924 ஜூனில். தேடுவதற்கு விளக்கு வேண்டுமென்று திருடர்களே கேட்டார்கள். அரிக்கேன் ஏற்றிக் கொடுக்கப்பட்டது. தேறியதோ கொஞ்சம் வெள்ளித் தகடு, அரிசி, மாம்பழம். அந்த வயிற்றெரிச்சலில் ரமணருக்குத் தொடையில் ஓர் அடி. ‘போதாதென்றால் இன்னொரு தொடையிலும் போடு’ என்றார். கடப்பாரையைத் தூக்கிய சீடரை அடக்கியவரும் அவரே. உங்கள் ஸ்டேஷனில் திருடனுக்கு டீயாவது உண்டா?

தினமும் ‘நான் யார்?’ என்று கேட்கிறேன். பதிலே வரவில்லை.
– தியானப் பித்தன், கோவை

வந்தால்தான் கவலைப்படவேண்டும். உருப்போடுகிற மந்திரமில்லை அது. கோபம் வருகிறதா? யாருக்கு? எனக்கு. அந்த ‘எனக்கு’ கிளம்புகிற இடம் வரை விடாமல் பின்னாலேயே போகச் சொன்னார். முதலில் கேட்டவர் சிவப்பிரகாசம் பிள்ளை, ரெவின்யூ இலாகா உத்தியோகஸ்தர். மௌனத்தில் இருந்த ரமணர் எழுதியே பதில் சொன்னார். ரெவின்யூ இலாகா சம்பந்தப்பட்ட விஷயத்தில் கையோடு கையாகப் பதில் கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.

வேலையை விட்டுவிட்டு சாமியாராகிவிடலாமா?
– வங்கி ஊழியர், ஈரோடு

அவரிடமே கேட்டவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார். மனசு கூடவே வருமே சார், அதற்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் கிடையாது.

ரமணாசிரமத்தில் மாட்டுக்குச் சமாதியாமே?
– பால்காரர், விழுப்புரம்

லட்சுமிப் பசுவுக்கு, 1948-ல். நாய், காகம், மானுக்கும் உண்டு. உங்களுக்கும் அங்கே தாராளமாக இடமுண்டு. வாலைச் சுருட்டிக்கொண்டு உட்காரவேண்டும், அவ்வளவுதான்.