சராசரிப் பிள்ளையின் பொருட்டு ஒரு விண்ணப்பம்

சுகாதார அமைச்சின் பெருமதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

கண்டியிலிருந்து நல்ல செய்தியோடு எழுதுகிறேன். பிள்ளைகளின் உடற்பயிற்சி இலக்கை நாம் எட்டிவிட்டோம்.

5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. ஒரே பிள்ளையின் ஒரு வாரத்துச் சராசரியைத்தான் அவர்கள் சொன்னார்கள். அந்தச் சின்னச் சிக்கலை எங்கள் குடும்பத்துக்குள்ளேயே தீர்த்துவிட்டேன்.

என் மகனுக்கு வயது பத்து. விடியற்காலை 6 மணிக்கு ஸ்கூல் வேன். பாடசாலை விட்டால் அதே வேன் டியூஷன் வாசலில் இறக்கிவிடும். புலமைப்பரிசில் வருடம் பாருங்கள். ஓடினால் புள்ளி குறையும் என்று அவன் தாய் நம்புகிறாள், நானும்தான். உடற்கல்விப் பாடவேளையைக் கணித ஆசிரியர் கடனாக வாங்கினார், இன்னும் திருப்பித் தரவில்லை. வேனில் அவன் குடிக்கும் சோடாவில், சீனி அதிகம் என்று காட்ட 2016இல் நீங்கள் போடவைத்த சிவப்புக் குறி இருக்கிறது. சிவப்பு அவனுக்குப் பிடித்த நிறம். அவன் கணக்கில் நிமிடம் பூச்சியம்.

என் அக்கா மகனுக்கும் பத்து வயது. கலஹா பக்கத்துத் தோட்டமொன்றில் மேல் லயம். காலையில் இறக்கம், பின்னேரம் ஏற்றம், மழைக்காலத்தில் அட்டைக்கடி இலவசம். வந்ததும் விறகு, தண்ணீர். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துரை அங்கிருந்து தூரமில்லை. கொழுந்துக்கு லொறியும் பாதையும் வந்தன. அவனுக்கு இன்னும் குறுக்குப்பாதைதான். குறைத்துப் போட்டாலும் 120 நிமிடம்.

இரண்டையும் கூட்டி இரண்டால் வகுங்கள். 60!

போன மாதம் அக்கா மகனின் பாடசாலைச் சுவரில் நடைப்பயிற்சியின் நன்மைகள் பற்றி ஒரு போஸ்டர் ஒட்டினார்களாம். “மாமா, இன்னும் எங்க நடக்கணும்?” என்று கேட்டான். மருமகனுக்குச் சராசரி புரியவில்லை.

உங்களுக்குப் புரியும். 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17 வீதம். தோட்டப்புறத்தில் மட்டும் 32. மேடையில் 17 எவ்வளவு அடக்கமாக ஒலிக்கிறது! பாடசாலை மருத்துவப் பரிசோதனை வழக்கமாகத் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குத்தான். இவர்கள் இருவரும் தரம் 5 என்பதால், பொங்கலன்று நானே சுவரோடு நிறுத்தி அளந்தேன். மருமகனின் உச்சி என் மகனின் காது மடலைத் தொட்டது. இருவரையும் தராசில் ஏற்றினேன். அந்த வித்தியாசத்தை அக்கா முன்னால் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. காலையில் ஒரு ரொட்டி, ஒரு சம்பல். அதில்தான் அந்த ஏற்றமும் ஏறவேண்டும், வளரவும் வேண்டும். ஆனால் இருவரின் நிறையையும் கூட்டி வகுத்தால் திவ்வியமான ஆரோக்கியம்.

நகரத்தில் இடமில்லை என்று யாராவது முறையிட்டால் நம்பாதீர்கள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வெட்டுவித்த வாவியைச் சுற்றி நடக்கலாம். விடியலில் டொக்டருக்குப் பயந்த பெரியவர்கள் நடக்கிறார்கள். மலைகள் சூழ்ந்த கிண்ணம் இந்த ஊர், பஸ் புகை போக வழியில்லாமல் நம்மோடேயே நடக்கும். போகம்பரை, நித்தவல, அஸ்கிரிய, பல்லேகல என மைதானங்களுக்கும் குறைவில்லை. பிள்ளைகள் உட்கார்ந்து கைதட்டலாம்.

சராசரி வேண்டாம், இரண்டு பிள்ளைகளையும் தனித்தனியாகவே பார்ப்போம் என்று என்றாவது உங்களுக்குத் தோன்றினால், செலவு பெரிதில்லை. மருமகனுக்கு ஏற்றத்தில் ஒரு பஸ், பாடசாலையில் தினம் ஒரு முட்டை. மகனுக்கு, கணித ஆசிரியரிடமிருந்து அந்தப் பாடவேளை.

இப்படிக்கு,
60 நிமிடக் குடும்பத்தின் தலைவன்,
கண்டி.

பி.கு.: பதிலை என் முகவரிக்கே அனுப்புங்கள். அக்காவின் லயத்துக்குத் தனி முகவரி இல்லை. தோட்ட ஆபீசுக்கு வரும் கடிதத்தை மருமகன்தான் நடந்து போய் வாங்கி வரவேண்டும்.