மேல்வீட்டு அண்ணாச்சியின் பூனை வைத்தியம்

பூனையைத் திருத்துவதில் எங்கள் மேல்வீட்டு அண்ணாச்சிக்கு இணை இனிமேல்தான் பிறக்கவேண்டும். கால்நடை மருத்துவர்கள் ஐந்தரை ஆண்டு படித்துவிட்டுத் தடவிப் பார்த்துச் சொல்வதை, அவர் சோபாவில் சாய்ந்தபடியே சொல்லிவிடுவார். எல்லாக் கோளாறுக்கும் ஒரே பெயர்: திமிர். ஒரே மருந்து: செருப்பு.

அவருடைய ஆண்பூனை ஒருநாள் மெத்தையில் மூத்திரம் போய்விட்டது. “பழி வாங்குது தம்பி” என்றார். அதன் பிடரியைப் பிடித்து மூக்கை அந்த ஈரத்திலேயே தேய்த்தார். பலன் கைமேல் கிடைத்தது. பூனை இப்போது மெத்தைப் பக்கமே போவதில்லை; பீரோவுக்குப் பின்னால், அவர் கை எட்டாத இடத்தில் போகிறது.

பூனைகள் ஒதுங்குகிற மண் தட்டு இருக்கிற இடத்தைப் பார்த்தால் அவருடைய கலைநுட்பம் புரியும். வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், மெஷின் துணி பிழிகிறபோது தட்டும் கூடவே அதிர்கிற மாதிரி வைத்திருக்கிறார். மூன்று பூனைக்கு அது ஒன்றுதான். பூனைக்கு ஒரு தட்டு, அதற்கு மேல் ஒன்று உபரி என்பது விவரம் தெரிந்தவர்கள் கணக்கு. அண்ணாச்சி சிக்கனம் தெரிந்தவர். மண்ணை ஞாயிற்றுக்கிழமைதான் மாற்றுவார். ஆனால் பூனை தப்பு செய்த இடத்தில் மட்டும் பினாயிலைத் தாராளமாகக் கொட்டுவார். பீனால் கலந்த சரக்கைப் பூனையின் கல்லீரல் சரியாக முறித்து வெளியேற்றாது. பூனையோ நாளெல்லாம் பாதத்தை நக்குகிற பிராணி. தரை பளபளக்க இத்தனை தூரம் துணிகிற மனசு யாருக்கு வரும்?

சோபாவைப் பிராண்டியதற்கும் அவரிடம் தீர்வு உண்டு. நகத்தின் பழைய உறையைக் கழற்றவும், பாதத்துச் சுரப்பியின் வாசனையைப் பதிக்கவும், உடம்பை நீட்டி நெளிக்கவும் பூனை பிராண்டியாகவேண்டும். ஆடாத கட்டை ஒன்றில் சணல் கயிற்றைச் சுற்றி சோபாவுக்குப் பக்கத்தில் நட்டால் பெரும்பாலும் அங்கே போய்விடும். அவ்வளவு மலிவான வேலையை அண்ணாச்சி செய்வாரா? நகத்தையே எடுத்துவிட எவ்வளவு ஆகும் என்று விசாரித்தார். நகத்தோடு விரலின் கடைசி எலும்பும் போகும் என்றேன். “இன்னும் நல்லது” என்றார்.

கருத்தடை மட்டும் பாவமாம். அதனால் சுவரெல்லாம் பீய்ச்சி எல்லை வகுக்கிற உரிமை அந்த ஆண்பூனைக்குப் பறிபோகவில்லை.

விடியற்காலை நான்கு மணிக்கு அது கத்தினால் முதலில் செருப்பு பறக்கும், பிறகு கிண்ணத்தில் பால் வரும். செருப்பைப் பொறுத்துக்கொண்டால் பால் உண்டு என்று பூனைக்குப் பாடம் ஏறிவிட்டது, வாத்தியார் அப்படி. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் சேராது, வயிற்றால் போகும். போனால் போகட்டும், மருந்துதான் காலிலேயே இருக்கிறதே.

இன்று காலையிலிருந்து அந்தப் பூனை தட்டில் போய்ப் போய்க் குந்துகிறது. முக்குகிறது, முனகுகிறது, சொட்டுகூட விழவில்லை. “நடிக்குது” என்கிறார் அண்ணாச்சி.

அண்ணாச்சி, உங்கள் ஞானத்தைச் சற்று நேரம் சோபாவிலேயே விட்டுவிட்டு, பூனையை ஒரு கூடையில் போட்டு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோ பிடியுங்கள். ஆண்பூனைக்கு மூத்திரக்குழாய் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம்.