ஏரி பார்த்த மனை

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உட்காரு. ஏரிக்கரைக்குக் கீழே ரெண்டு கிரவுண்டு பேசி முடிச்சுட்டியாமே, உங்க பாட்டி சொன்னா. கிழக்கு பார்த்த மனை, வடக்கு பார்த்த மனை எல்லாம் கேள்விப்பட்டிருக்கேன். ஏரி பார்த்த மனைன்னு இப்பத்தான் கேக்கறேன். வாஸ்துக்காரர் ஜலமூலை அருமையா அமைஞ்சிருக்குன்னு சொல்லியிருப்பாரே? அமையாம என்ன, கரை உசரத்துக்கு அமைஞ்சிருக்கு.

நோட்டீசுல 'லேக் வியூ'ன்னு போட்டிருக்கான். கரைக்குக் கீழே நின்னா கரைதான்டா தெரியும், ஏரி எங்க தெரியும்? ஏரியே இறங்கி வந்து தெரியற அன்னிக்கு நீ பார்க்கிற நிலைமையில இருக்க மாட்டே.

"கரை நல்லா இருக்குன்னு இன்ஜினியரே சொல்லிட்டார் தாத்தா"ங்கறே. அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். நீதான் பாதிக் கேள்வி கேட்டுட்டு வந்திருக்கே. அணைக்காரங்க ரெண்டு மார்க் போடறாங்க, தனித்தனியா. ஒண்ணு கரையோட உடம்புக்கு. நம்ம நாட்டுல அதுக்கு மூணு வகை: உடைஞ்சுபோற அளவுக்குக் கோளாறு இருந்தா முதல் வகை, பெரிய கோளாறு, சட்டுனு சரிபண்ணணும்னா ரெண்டாவது, சில்லறைக் கோளாறோ ஒண்ணுமே இல்லாததோ மூணாவது. பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறு, இங்க முதல் வகுப்பு வாங்கினாத்தான் அழணும்.

இன்னொரு மார்க் இருக்கு பாரு, அது ஆபத்துக்கு. கரை உடைஞ்சா கீழே யார் யார் போவாங்க, என்னென்ன போகும்னு எண்ணிப் போடற மார்க். அதுல கரையோட உடம்பைப் பத்திப் பேச்சே கிடையாது. அமெரிக்காவுல ஒரு அணைக்கு 'அதிக ஆபத்து'ன்னு பேர் வச்சா ஓட்டை அணைன்னு அர்த்தம் இல்ல, உடைஞ்சா உசுரு போகும்னு அர்த்தம். புத்தம்புது அணைக்கும் அந்தப் பேர் வரும். கீழே நெல்லும் நாலு கொக்கும் மட்டும் இருந்தவரைக்கும் உன் ஏரி சாது. நீ போய்க் கிரகப்பிரவேசம் பண்ணி பால் காய்ச்சினா, ஒரு கூடை மண்ணு சரியாமலே அதுக்குப் பதவி உயர்வு. உன் புண்ணியம்!

நம்ம செம்பரம்பாக்கத்தையே எடுத்துக்கோ. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டாங்க. அடையாறு போன வழியெல்லாம் மெட்ராஸ் மிதந்துச்சு. கரை உடைஞ்சுதா? உடையலடா. கரையோட மார்க்கை மட்டும் பார்த்தா அன்னிக்கு அது பாஸ். அப்புறமா 2018-ல தணிக்கைக்காரங்க அறிக்கை வந்துச்சு, இது மனுஷன் உண்டாக்கின பேரிடர்னு. திறக்கிற நேரம், திறக்கிற அளவு, ஆத்துக்குள்ள வீடு கட்டினவன் எல்லாம் அந்தக் கணக்குல உண்டு. உன் ஏரி உடையாமலேயே உன்னை நனைக்கும்னு தெரிஞ்சுக்க.

சட்டம் இல்லையான்னு கேப்பே. இருக்கே, 2021-ல அணைப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. நல்ல சட்டம்தான். மழைக்கு முன்னால ஒரு தரம், பின்னால ஒரு தரம் அணையைப் பார்த்தே ஆகணும்னு சொல்லுது. ஆனா எந்த அணையை? உசரம் 15 மீட்டருக்கு மேல இருக்கணும். 10-லேருந்து 15-க்குள்ளன்னா நீளம், கொள்ளளவுன்னு ஏதாவது ஒண்ணு தேறணும். 10-க்குக் கீழேன்னா பட்டியல்ல இடம் இல்ல, சொந்தக்காரங்க பத்திரமாப் பார்த்துக்கணும்னு ஒரு வார்த்தையோட சரி. நம்ம ஏரிங்க பெரும்பாலும் குட்டை உசரம், நெட்டை நீளம். போலீஸ் வேலைக்கு உசரம் பத்தாத பையன் மாதிரி வெளியில நிக்குதுங்க. காஞ்சிபுரம் மாவட்டத்துல நீர்வளத்துறைக்காரங்க கையில மட்டும் 381 ஏரி. அத்தனையும் வருஷா வருஷம் ஆள் நடந்து பார்க்கணும். அத்திவரதர் 1979-ல வந்தார், அப்புறம் 2019-ல வந்தார். சில கரையை ஆபீசர் பார்க்கிறதும் அந்தப் பஞ்சாங்கப்படிதான்.

உத்திரமேரூர்ல அந்தக் காலத்துல ஏரியைப் பார்த்துக்கன்னே ஆள் போட்டிருந்தாங்க. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919-லயும் 921-லயும் வெட்டினது, கோயில் சுவரோட இருக்கு. ஏரி வாரியம்னு ஆறு பேர், குடவோலையில எடுப்பாங்க, 360 நாள்தான் பதவி. வயசு 35-க்கு மேல, 70-க்குக் கீழே. அதனால நான் நிக்க முடியாது, பயப்படாதே. எனக்குப் பிடிச்சது வேற. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிக்கக் கூடாது. அவன் மட்டுமா? அவன் அத்தை மகன், மாமன் மகன், சின்னம்மா பெரியம்மா பிள்ளைங்க ஒருத்தரும் நிக்கக் கூடாது! இந்தச் சட்டத்தை இன்னிக்குக் கொண்டாந்தா எந்த ஊர்லயும் தேர்தலே நடக்காது.

சரி, வாங்கத்தான் போறேங்கறே. அப்ப சித்திரை வெயில்ல கார்ல போய் செல்ஃபி எடுத்துட்டு வராதே. கார்த்திகையில ஏரி நிறைஞ்சு நிக்கறப்போ போ. செருப்பைக் கழட்டிட்டுக் கரையோட அடிவாரத்துல நட. ஈரம் தட்டுதா, குந்தி உட்காரு. ஊறி வர்ற தண்ணியை உள்ளங்கையில ஏந்து. தெளிவா இருந்தா கரைக்கு வேர்க்குது, மண்ணுக் கரைன்னா கொஞ்சம் வேர்க்கும். உள்ளங்கையில மண்ணு தங்குச்சுன்னா கரைக்குள்ளேருந்து மண்ணு கிளம்பிடுச்சு. அப்புறம் அந்தத் துளை பென்சில் கனத்துல ஆரம்பிச்சு ஆள் நுழையற அளவுக்கு ஆகும்.

முக்கியமா மதகுகிட்டப் பாரு. நம்ம காஞ்சிபுரம் புடவையில உடம்பும் கரையும் சேர்ற கோர்வை, புடவை கிழிஞ்சாலும் பிரியாது, அது பிள்ளையார்பாளையத்துத் தறி ராசி. ஏரியில மண்ணும் மதகுக் கல்லும் சேர்ற கோர்வை அப்படி இல்லடா, முதல்ல பிரியறதே அங்கதான். கருவேலம் முளைச்சிருக்கா பாரு, வேர் செத்தா அதுவே குழாய். மேலே மாடு ஏறி இறங்கித் தேய்ஞ்ச இடம் பாரு, தண்ணி கரை தாண்டறதுக்கு அந்தப் பள்ளத்தைத்தான் தேடும். கலங்கல்ல வலை கட்டி மூட்டை அடுக்கித் தண்ணி போற வழியை அடைச்சிருக்கா பாரு. கலங்கல்லேருந்து போற கால்வாயைப் பிடிச்சுக்கிட்டே நட. அது உன் மனை வாசல்ல வந்து நின்னா, உனக்கு விற்றது மனை இல்ல, கால்வாய்.

நண்டு வளையும் இருக்கும். அதைப் பார்த்துச் சிரிச்சுட்டு வராதே. 2019 ஜூலையில மகாராஷ்டிராவுல திவரே அணை ராத்திரியில உடைஞ்சு ஊருக்குள்ள வந்துச்சு, ஒரு மந்திரி நண்டுதான் காரணம்னுட்டார். எதிர்க்கட்சிக்காரங்க நண்டைப் பிடிச்சுக்கிட்டு நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கே போய்க் கேஸ் எழுதச் சொன்னாங்க. அதிகாரிங்ககிட்ட ஜனங்க முன்னாலயே கரை கசியுதுன்னு சொல்லியிருந்தாங்களாம். நண்டுக்கு வாய் இல்ல, அதான் மாட்டிக்கிச்சு.

மண்ணுக்குத் தண்ணியோட என்ன பாடுன்னு நம்ம ஊருக்குத் தெரியாததா? ஏகாம்பரநாதர் மண் லிங்கம். கம்பை நதி பெருகி வந்தப்போ அம்மனே ஓடிப்போய்க் கட்டிப் பிடிச்சுக் காப்பாத்தினா. இன்னிக்கும் அந்த லிங்கத்து மேல தண்ணி ஊத்தறது இல்ல, புனுகுதான். அம்மன் ஒரு லிங்கத்தைக் கட்டிப் பிடிக்கலாம். 381 ஏரியை யார் கட்டிப் பிடிக்கிறது?

சாமி பார்த்துக்கணும்னு தோணினா மதுராந்தகம் பக்கம் மனை பாரேன். அங்க பிளேஸ் துரைன்னு செங்கல்பட்டு கலெக்டர், 1790-கள்ல இருந்தார். வருஷா வருஷம் கரை உடையும், சரி பண்ணுவார், மறுபடி உடையும். கொட்டற மழையில ஒரு ராத்திரி போய்ப் பார்த்தா வில்லும் அம்புமா ரெண்டு பேர் காவல் நிக்கறாங்களாம், கரையும் நின்னுடுச்சாம். அது ராமரும் லட்சுமணரும்தானாம், அதுலேருந்து அந்த ஊர்க் கோயில் ராமருக்கு ஏரி காத்த ராமர்னு பேர். அந்தக் கோயில் தாயார் சந்நிதிக் கல்வெட்டுல துரை பேர் இன்னும் இருக்கு. ராமருக்குச் சம்பளம் கிடையாது, பென்ஷன் கிடையாது, ராத்திரி டூட்டி. நல்ல ஏற்பாடுதான். ஆனா பேராண்டி, ராமரும் லட்சுமணரும் நின்னது கரைக்கு மேலே. கீழே மனை வாங்கிட்டு நிக்கல.