நியூ ஹேவனில் பசித்தால்...

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், கடலோரத்தில் இருக்கும் சின்ன நகரம் நியூ ஹேவன். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1,34,000. யேல் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் என்பதால் நம் பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். பின்னாலேயே பெற்றோர் போகிறார்கள். இந்த வாரக் கேள்விகள் எல்லாம் அங்கே எங்கே சாப்பிடுவது என்பதைப் பற்றியே.

கே: மகள் யேலில் பட்டம் வாங்குகிறாள். மே மாதம் போகிறோம். முதல் நாளே பீட்சா கடைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்கிறாள். அத்தனை தூரம் போயும் பீட்சாவா? (வாசகி, திருச்சி)

ப: ஆமாம் அம்மா, பீட்சாவேதான். மகள் சொல்வதைக் கேளுங்கள். நம் ஊரில் பஞ்சு மாதிரி தடித்து, சீஸ் வழிந்துகொண்டு வருகிறதே, அது வேறு சாதி. நியூ ஹேவனில் வூஸ்டர் சதுக்கம் என்று ஒரு பகுதி. அதன் பக்கத்தில் சார்ஜென்ட் பூட்டுத் தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலைக்காகத் தென் இத்தாலியிலிருந்து, குறிப்பாக அமால்ஃபி கடற்கரை ஊர்களிலிருந்து, குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினார்கள். அவர்களில் ஒருவரான ஃப்ராங்க் பெப் 1925-இல் வூஸ்டர் தெருவில் கடை போட்டார். அவருடைய சகோதரி குடும்பத்தார் 1938-இல் அதே தெருவில் சாலிஸ் கடையைத் தொடங்கினார்கள். இரண்டு கடைகளும் இன்றும் நடக்கின்றன. இரண்டிலும் நிலக்கரி அடுப்பு. மெல்லிய மாவு, ஒழுங்கில்லாத நீள்வட்டம், ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளிகள். காகிதம் விரித்த தகரத் தட்டில் அப்படியே கொண்டுவந்து வைப்பார்கள். தட்டும் முள்கரண்டியும் தேடாமல் கையால் எடுத்துச் சாப்பிடுங்கள்.

கே: எனக்கு வந்த பீட்சாவின் அடிப்பாகம் கறுப்பாக இருந்தது. கருகியதைக் கொடுத்து ஏமாற்றுகிறார்களா? (வாசகர், சேலம்)

ப: ஏமாற்று இல்லை. நிலக்கரி அடுப்பின் சூடு 300 டிகிரி செல்சியஸைச் சுலபமாகத் தாண்டும். ஈரமில்லாத வறண்ட சூடு அது. மாவு உள்ளே மென்மையாக இருக்கும்போதே வெளியே முறுகி அங்கங்கே கறுக்கும். அந்தக் கசப்புதான் தக்காளியின் புளிப்புக்கு ஈடு கொடுக்கிறது. திருப்பி அனுப்பாதீர்கள், அடுத்து வருவதும் இப்படித்தான் இருக்கும்.

கே: பெப், சாலிஸ், மாடர்ன். மூன்றில் எது? (வாசகர், மதுரை)

ப: மட்டி போட்ட வெள்ளைப் பீட்சாவுக்குப் பெப். தக்காளிச் சாறு மட்டும் தடவியதற்குச் சாலிஸ். பிள்ளைகுட்டிகளோடு போய் மேலே நிறைய போட்டதைக் கேட்பவர்களுக்கு ஸ்டேட் தெருவில் 1934 முதல் இருக்கும் மாடர்ன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அந்த வெள்ளைப் பீட்சாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தக்காளி கிடையாது, மொசரெல்லா கிடையாது. ஓட்டிலிருந்து அப்போது எடுத்த மட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், ஓரிகனோ, துருவிய பெக்கோரினோ சீஸ். அவ்வளவுதான். பக்கத்துக் கடலில் கிடைப்பதை வைத்து, ஏழைத் தொழிலாளிகளின் ஊர் உருவாக்கிய சாப்பாடு. மீன், நண்டு சாப்பிடுகிற தமிழர் யாரும் இதைத் தவறவிடக் கூடாது.

கே: நாங்கள் சுத்த சைவம். வூஸ்டர் தெருவில் எங்களுக்கு வேலையே இல்லையா? (வாசகி, கும்பகோணம்)

ப: இருக்கிறது. ஆனால் நாலு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். பெப்பரோனி என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பன்றியும் மாடும் கலந்த இறைச்சி. மிளகாயோ குடமிளகாயோ இல்லை. ஆன்சோவி என்பது சின்ன மீன். மேலே தூவும் பெக்கோரினோ ரொமானோ செம்மறியாட்டுப் பாலில் செய்யும் சீஸ்தானே என்று நினைத்து நிம்மதியாக இருக்க வேண்டாம்: பாலைத் திரிக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்க்கிறார்கள். ஆகவே தக்காளிப் பீட்சாவைச் சீஸ் தூவாமல் தரச் சொல்லுங்கள். முகம் சுளிக்க மாட்டார்கள். அங்கே சீஸ் இல்லாமல் கேட்பவர்கள் நிறையப் பேர். நாலாவது, அடுப்பும் பலகையும் எல்லோருக்கும் பொது. அது மனசுக்கு ஒப்பாதவர்கள் சேப்பல் தெரு முனையில் இருக்கும் கிளேர்ஸ் கார்னர் கோப்பியாவுக்குப் போகலாம். 1975-இல் தொடங்கிய சைவ உணவகம். சைவம் என்றால் அமெரிக்காவில் பலருக்குப் புரியாத காலத்தில் ஆரம்பித்து, மாணவர் கூட்டத்தை நம்பியே நிலைத்த இடம். சூப்பும் கேக்கும் அங்கே விசேஷம்.

கே: இட்லி கிடைக்குமா? (வாசகர், காஞ்சிபுரம்)

ப: நாலு நாள் பயணம்தானே ஐயா. இட்லி உங்களுக்காக வீட்டில் காத்திருக்கும். அந்த நாலு நாளில் அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள்.

கே: ஹாம்பர்கர் பிறந்ததே நியூ ஹேவனில்தான் என்கிறார்களே, உண்மையா? (மாணவர், கோவை)

ப: கிரவுன் தெருவில் லூயிஸ் லஞ்ச் என்ற குட்டிக் கடையின் வாதம் அது. டென்மார்க்கிலிருந்து வந்த லூயி லாசன் 1895-இல் தொடங்கியது. அமெரிக்காவில் வேறு ஊர்களும் இதே உரிமையைக் கொண்டாடுகின்றன. தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் செய்முறை பழையது என்பதில் சந்தேகம் வேண்டாம். செங்குத்தாக நிற்கும் வார்ப்பிரும்பு அடுப்பில் இறைச்சியை வாட்டி, பன்னில் வைக்காமல், வாட்டிய ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்துத் தருகிறார்கள். சீஸ், தக்காளி, வெங்காயம் சேர்க்கலாம். கெட்சப் கேட்டால் கிடைக்காது. கடுகுச் சாறும் கிடைக்காது. இறைச்சி மாடு என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். சாப்பிடுகிறவர்கள் போங்கள், சாப்பிடாதவர்கள் கடையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வாருங்கள், போதும்.

கே: பீட்சாவோடு என்ன குடிப்பது? (வாசகர், புதுச்சேரி)

ப: ஃபாக்ஸன் பார்க். பக்கத்து ஊரான ஈஸ்ட் ஹேவனில் 1922 முதல் தயாராகும் சோடா. அதில் வெள்ளை பிர்ச் பியர் என்று ஒன்று உண்டு. பெயரில் பியர் இருந்தாலும் போதை கிடையாது. முதல் வாய் குடித்ததும் முட்டி வலிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை அடிக்கும். காரணம், பிர்ச் மரப்பட்டை எண்ணெய்க்கும் நம் வலித் தைலங்களுக்கும் வாசனை தருவது ஒரே பொருள்தான். இரண்டாம் வாயில் பழகிவிடும். பிடிக்கவே இல்லையென்றால் அதே கம்பெனியின் ஆரஞ்சு சோடா இருக்கிறது.

கே: உதவித்தொகையில் படிக்கிறேன். தினமும் வெளியே சாப்பிட்டால் பணம் காணாது. (மாணவி, நியூ ஹேவன், சொந்த ஊர் விருதுநகர்)

ப: வார நாட்களில் மதியம் மருத்துவக் கல்லூரி அருகே சீடர் தெருவில் தள்ளுவண்டிகள் நிற்கும். பல நாட்டுச் சாப்பாடு ஒரே இடத்தில், உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தைவிடக் குறைந்த விலையில். ஹவ் தெருவில் மமூன்ஸ் இருக்கிறது. ஃபலாஃபெல் சுருட்டிய ரொட்டி ஒன்று ஒரு வேளைக்குத் தாங்கும், அதுவும் சைவம். நூலகத்திலிருந்து நேரம் கழித்துத் திரும்பும் இரவுகளில் கைகொடுக்கும். சனி ஞாயிறுகளில் கூட்டாளிகளோடு துறைமுகப் பக்கம் லாங் வார்ஃபுக்குப் போ. கடலைப் பார்த்தபடி டாக்கோ வண்டிகள் வரிசையாக நிற்கும். மெக்சிகோவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வந்த குடும்பங்கள் நடத்துபவை. நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியர்கள் வூஸ்டர் தெருவில் செய்ததை இன்று இவர்கள் செய்கிறார்கள். இந்த ஊரின் அடுத்த நல்ல சாப்பாடு அங்கேதான் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று நான் நம்புகிறேன். சைவமென்றால் பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளம்மா.

கே: இறால் வகையறா? (வாசகர், தூத்துக்குடி)

ப: லாப்ஸ்டர் ரோல். சிங்கி இறாலைச் சூடான வெண்ணெயில் புரட்டி ரொட்டிக்குள் வைப்பது கனெக்டிகட் வழக்கம். வடக்கே மெய்ன் மாநிலத்தில் மயோனைஸ் கலந்து குளிரக் குளிரக் கொடுப்பார்கள். நீங்கள் சூடானதையே கேளுங்கள்.

கே: டிப்ஸ் கட்டாயமா? சாப்பாட்டுக்குக் காசு கொடுத்த பிறகு எதற்கு இன்னொரு காசு? (வாசகர், ஈரோடு)

ப: உட்காரவைத்துப் பரிமாறும் இடமென்றால் கொடுத்தே ஆக வேண்டும். 18 முதல் 20 சதவீதம். இது பெருந்தன்மை இல்லை, கூலி. கனெக்டிகட்டில் பொதுவான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16 டாலருக்கு மேல். ஆனால் பரிமாறுபவருக்கு முதலாளி 6.38 டாலர் கொடுத்தால் போதும் என்று சட்டமே இடம் தருகிறது. மிச்சம் நம் மேசையிலிருந்து வரும் என்பது கணக்கு. வராவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்த முறை நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். அதற்காக, நின்றுகொண்டே வேலை செய்யும் ஒரு பெண்ணின் அன்றைய வரும்படியில் கை வைப்பது அதைவிட அநியாயம். 40 டாலருக்குச் சாப்பிட்டால் 7.35 சதவீத வரி 2.94, டிப்ஸ் 8, மொத்தம் 50.94. இந்தத் தொகைக்குக் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால் தள்ளுவண்டிக்குப் போங்கள். டிப்ஸை மட்டும் குறைக்காதீர்கள்.

கே: யேலுக்கும் சென்னைக்கும் சம்பந்தம் உண்டாமே? (வாசகர், சென்னை)

ப: உண்டு. எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். சென்னையில் சேர்த்த செல்வத்திலிருந்து 1718-இல் அந்தக் கல்லூரிக்குப் புத்தகங்களும் துணி முதலிய சரக்குகளும் அனுப்பினார். சரக்கு 562 பவுண்டுக்கு விற்றது. கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. அடிமை வணிகத்திலும் அவருக்குப் பங்கு இருந்தது. பெயரைச் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கே: நியூயார்க்கிலிருந்து ரயிலில் வருகிறேன். ஒரே ஒரு வேளைச் சாப்பாடுதான். எங்கே? (வாசகர், பெங்களூரு)

ப: கிராண்ட் சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஸ்டேட் ஸ்ட்ரீட் நிலையம் வரை வரும் வண்டியில் ஏறினால் வூஸ்டர் தெருவுக்கு நடந்தே போகலாம். சனி, ஞாயிறு வேண்டாம். வார நாளில், மதியக் கூட்டம் வடிந்த பிறகு, மூன்று மணி வாக்கில் போய் நில்லுங்கள். பெப். மட்டி போட்ட வெள்ளைப் பீட்சா, சின்னது. சைவரென்றால் சீஸ் இல்லாத தக்காளிப் பீட்சா.